கையெழுத்து மட்டும் அடுத்த பக்கத்தில்

கிணத்துக்கடவு குடோனில் மோட்டார் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சரஸ்வதி அக்கா தவறிவிட்டார் என்ற செய்தி வந்தது. நம் பம்புசெட் கம்பெனி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். நான் படித்து முடிப்பதற்குள் கீழே "தங்கமான மனுஷி" என்று வரிசையாக வந்துவிட்டது. கூடவே வேலை பார்த்தவள், நீயும் எழுது என்று குழுவில் நீங்கள் கேட்டீர்கள். எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடுங்கள்.

பீளமேடு அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் மேசை. என் சாப்பாட்டு டப்பாவை என்னைக் கேட்காமலே திறப்பார். அவருடைய அரிசிம்பருப்புச் சோற்றில் பாதி எனக்கு வந்துவிடும். வேலையில் அத்தனை சுத்தம். "கவர் ஒட்டறதுக்கு முன்னால ஒருக்காப் பொரட்டிப் பாக்கோணும் கண்ணு" என்பார். அவர் கண் படாமல் ஒரு தபாலும் வெளியே போகாது.

அந்தப் பெரிய டெண்டரை டைப் செய்தது நான். விலைப் பட்டியல் இருக்கும் பக்கத்திலேயே முதலாளியின் கையெழுத்தும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி என்பது விதி. எங்கள் பிரிண்டரில் சோதனைக்கு ஒரு பிரதி எடுத்து, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்குவதைப் பார்த்த பிறகுதான் என் கூடப்பிறந்த அக்கா மகளின் காதுகுத்துக்கு வெள்ளகோவில் போனேன். மறுநாள் எங்கள் பிரிண்டர் மக்கர் செய்ததால், முதலாளி அறையில் இருந்த புதிய பிரிண்டரில் டெண்டரை அச்செடுத்தவர் சரசக்கா. முதலாளி, யார் எங்கே காட்டினாலும் அங்கே கையெழுத்துப் போடுகிறவர்; போட்டுவிட்டார்.

டெண்டர் தள்ளுபடியானது. விலை ஒரு பக்கத்திலும், கையெழுத்து அதற்கடுத்த வெற்றுப் பக்கத்தில் தனியாகவும் இருந்ததாம். யார் செய்தது என்று முதலாளி கேட்டார். "டைப் பண்ணுனது கலாமணிதானுங்க" என்றார் அக்கா. அதில் பொய் ஒன்றும் இல்லை. டெண்டர் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாக்குவதாக இருந்த பேச்சு அன்றோடு நின்றது. என்னைக் குடோனுக்கு அனுப்பினார்கள். என் கவனக்குறைவு என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

குடோனில் இரண்டு பிரிண்டர்கள் உண்டு. ஒருநாள் கம்ப்யூட்டரில் ஒரு கடிதத்தை ஒரு பிரிண்டரிலிருந்து மற்றதற்கு மாற்றினேன். ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. கண்ணெதிரே வரிகள் தாமாக இடம்மாறி, கடைசி இரண்டு வரிகள் அடுத்த பக்கத்துக்கு நழுவின. பிரிண்டரை மாற்றினால் பக்கம் கலையும் என்று அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்காது, சரி. ஆனால் கலைந்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் அவர் கவர் ஒட்டியிருப்பாரா?

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. பார்த்தாராம். டெண்டர் போட நேரமாகிவிட்டது, கையெழுத்து எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று அனுப்பிவிட்டாராம். பிறகு சொல்லப் பயம். "எனக்கு இந்த வேலைய உட்டா வேற போக்கில்ல அம்மணி. நீ சின்னவ, பொழச்சுக்குவீன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். முதலாளியிடம் இப்போதாவது சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் நலம் விசாரிப்பார். சொல்லிவிட்டீர்களா என்று நான் கேட்பேன். சொல்லோணும் கண்ணு என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதே பதில்தான்.

துக்கம் கேட்கப் போனபோது முதலாளியும் வந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீ அத்தன பெரிய தப்புப் பண்ணியும் சரசு ஒருநாளும் உன்ன உட்டுக்குடுத்துப் பேசுனதில்ல அம்மணி. சின்னப் புள்ள, மன்னிச்சுருங்கன்னு எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்குது தெரியுமா" என்றார்.

நான் "ஆமாங்க" என்றேன். பிணம் கிடக்கும் வீட்டில் வேறென்ன சொல்ல?

நான் செய்யாத தப்புக்கு எனக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதைக் கேட்ட வாயால் உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் ஊட்டிய சோற்றை நான் மறக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுததும் அவருக்காகத்தான். ஆனால் அவரிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது, அவர் சொல்லாமல் போன ஒரே ஒரு வாக்கியம். இனி நான் சொன்னால் செத்தவர் மேல் பழி போடுகிறாள் என்பீர்கள். சொன்னால் சொல்லுங்கள், நானும் சொல்லிவிடுகிறேன்: அந்த டெண்டரை அச்செடுத்தது நான் இல்லை.