கோயில் வளைவில் இறங்காமல்

அப்பாவின் வண்டியில் ஏறிய யாரும் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு வரை முழுதாக வண்டியிலேயே போனதில்லை. கோயில் வளைவு வந்ததும் பின்னால் இருப்பவர் அவர் தோளைத் தட்டுவார். அப்பா நிறுத்துவார். ஏறியவர் இறங்கி நடக்க, வண்டி அப்பாவை மட்டும் சுமந்து முனகிக்கொண்டே மேலே போய்க் காத்திருக்கும்.

"அழகண்ணன் வண்டியில ஏறுனா பாதி ரோட்டு நம்ம காலுதான்" என்று எங்கள் லயத்து வீடுகளில் கேலி பேசுவார்கள்.

"மத்தப் பாதிக்கு ஒரு பிளேன் டீ வாங்கிக் குடுங்கடா" என்பார் அப்பா.

அவர் பெயர் அழகன். பெக்டரியில் கொழுந்து காயவைக்கும் ட்ரையரில் வேலை. மழைக்கு நனையக் கூடாதென்று வண்டியைப் பெக்டரிச் சுவரோரம், தூசி வெளியேற்றும் காற்றாடிக்குக் கீழே நிறுத்துவார். நூறு சிசி மோட்டார் சைக்கிள், இரண்டாம் கை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், காய்ச்சல்காரர்கள், பிரசவ வலி வந்தவர்கள் எல்லாரும் அதில் போயிருக்கிறார்கள்.

அம்மாவின் முழங்கால் வீங்கத் தொடங்கிய பிறகு அந்த வளைவு கேலியாக இல்லாமல் போனது. மாதாமாதம் ஹட்டனுக்கு கிளினிக் போய் வரும்போது அவர் ஏற்றத்தில் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். அப்பா இஞ்சினைப் பெரிதாக்குவதென்று முடிவெடுத்தார். சீட்டுக் காசை அதற்கென்று ஒதுக்கினார்.

நான் கண்டியில் ஒரு வாகனப் பட்டறையில் டெக்னீஷியன். ஞாயிறுதோறும் போனில் இதே பேச்சுதான்.

"போர் கிட்டு, காபுரேட்டர், கிளச். அம்புட்டுத்தானே?"

"மொதல்ல பிரேக்குப்பா. இழுவை கூடுனா நிறுத்தவும் தெரியணும்."

"ஏறுறதுதான் கஷ்டம். எறக்கத்துல வண்டி தன்னால போகும்."

"அதத்தான் சொல்றேன்."

சிரிப்பார். பெட்ரோல் மிச்சமென்று இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு வருகிறவர் அவர்.

கார்த்திகையில் ஒரு காலை ட்ரையர் பக்கத்திலேயே சரிந்தார். மாரடைப்பு. அவரைக் கீழே கொண்டுபோனது தோட்டத்து லொறி.

கருமாதி முடிந்ததும் அம்மாவைக் கண்டிக்குக் கூப்பிட்டேன். அம்மா பெயர் வேலாயி. வரமாட்டேன் என்றார். ஹட்டனில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. லயத்திலிருந்து தினமும் போய்வரலாம். மேற்கணக்குக்கு பஸ் இல்லை. அப்பாவின் வண்டி அம்மாவை ஏற்றிக்கொண்டு மேலே வந்தால் இங்கே இருப்போம். வராவிட்டால் கண்டி. அம்மா அதற்கு மட்டும் சம்மதித்தார்.

அடுத்த கிளினிக் நாளில் அவரை ஏற்றிக்கொண்டு இறங்கினேன், இஞ்சினை அணைக்காமல். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு சப்ராஸ் அண்ணன் கராஜுக்குப் போனேன். அப்பாவின் திட்டம் முழுதும் அவருக்குத் தெரியும்.

"எல்லாத்துக்கும் கூலியோட எழுபதாயிரத்த தொடும் தங்கச்சி. ஒங்கப்பாட கணக்கும் அதுதான்."

என் கணக்கில் பிரேக் முதலில் இருந்தது. சீட்டுக் காசில் அது போக மிச்சத்தில், இஞ்சினைப் பெரிதாக்கும் போர் கிட் அடங்கும், காபுரேட்டர் அடங்காது. அதைச் சொன்னேன். சப்ராஸ் அண்ணன் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

இஞ்சினைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றினேன். கரி படிந்து கறுப்பாக இருந்தது. பெட்ரோல் போகிறது, காற்றுப் போதவில்லை. காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றினேன்.

உள்ளே, வடிகட்டியின் வாயில், ஒரு பனியன் துணி. இரண்டாக மடித்து, ஓரமெல்லாம் செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. தேயிலைத் தூசி படிந்து அடை போலக் கெட்டியாகிவிட்டிருந்தது.

"யா அல்லாஹ்" என்றார் சப்ராஸ் அண்ணன். "இத வச்சிக்கிட்டா மனுஷன் பெரிய இஞ்சின் கேட்டாரு?"

காற்றாடி கக்கும் தூசி இஞ்சினுக்குள் போய்விடக் கூடாதென்று கட்டியிருக்கிறார். முடிச்சு அவருடையது. வீட்டுக் கூரைத் தகரத்திலும் அதே முடிச்சுத்தான். கம்பியை வெட்டாமல் பிரித்தேன். நேரம் எடுத்தது. சப்ராஸ் அண்ணன் அவசரப்படுத்தவில்லை.

போர் கிட் வேண்டாம் என்றேன். புது வடிகட்டி, புது பிளக், முன்னும் பின்னும் பிரேக். ஒதுக்கிய காசில் பெரும்பகுதி அப்படியே இருந்தது.

அம்மா மருந்துப் பையோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். பெஞ்சில் கிடந்த துணியைப் பார்த்தார். எடுத்து முகர்ந்தார்.

"அடுப்புத் துணிக்குன்னு வச்சிருந்தேன். எத்தன நாள் தேடினேன். கேட்டதுக்கு, எலி கொண்டு போயிருக்கும்னாரு."

அதை மருந்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மழை விட்டிருந்தது. பெக்டரியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது கியரில் முனகல் இல்லாமல் ஏறியது. கோயில் வளைவு தெரிந்தது. அம்மாவின் கை என் தோளில் இரண்டு முறை தட்டியது.

முதல் கியருக்கு மாற்றினேன். நிறுத்தவில்லை.

"ஏய், நிறுத்துடி. எறங்கணும்."

"எறங்க வேணாம். ஒக்காரும்மா."

மறுபடி தட்டினார். அப்புறம் அந்தக் கை தோளிலேயே இருந்தது. வளைவு பின்னால் போனது. அப்பா வழக்கமாகக் காத்திருக்கும் மண்மேட்டையும் தாண்டினோம். அம்மா திரும்பிப் பார்த்தது வண்டியின் அசைவில் தெரிந்தது.

லயத்து வாசலில் இறங்கினார். மூச்சு வாங்கவில்லை.

"கண்டிக்கு நான் வரல" என்றார்.

"சரிம்மா."

"வண்டிய பெக்டரிச் செவத்துப் பக்கம் கொண்டு போயிடாத. நனைஞ்சா நனையட்டும்."

விறகுக் கொட்டகையில் இடம் ஒதுக்கி, வண்டியை உள்ளே தள்ளினேன்.