பிள்ளை கேட்டு வந்த மதர்

தையல் மிஷினின் ஒரு முனையை மதரும் மறுமுனையை இன்னொரு சிஸ்டரும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க எங்கள் வீட்டுப் படியேறினார்கள். கைகொடுக்க வந்த ஆட்டோக்காரரை, “நீ அங்கியே நில்லுப்பா” என்று மதர் தடுத்துவிட்டார். அத்தா மவுத்தாகி, கணவனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் அம்மா இருந்த சமயம் அது. வெளி ஆண்கள் உள்ளே வரக்கூடாது, அம்மாவும் வாசல் தாண்டக்கூடாது. சங்கராபுரத்தில் நான் படித்த கான்வென்ட் பள்ளியின் தலைமையாசிரியை மதர். மறைமாவட்டத்தின் சமூக சேவை மையத்தில் நடந்த தையல் வகுப்புக்கு அம்மாவால் போக முடியாதென்று, வகுப்பையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். “நீ வர முடியலன்னா இன்னாம்மா, நாங்க வரோம்” என்றார், அவ்வளவுதான். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து சிஸ்டர்களின் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கும் வேலை அப்படித்தான் அம்மாவுக்குக் கிடைத்தது. அந்தச் சட்டைகளால் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. சிலுவை வீட்டுக்குள் வந்துவிட்டதாகச் சொந்தத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். உண்மையில், மதரஸாவுக்குப் போகாமல் நான் டிமிக்கி கொடுத்த நாட்களில் காதைத் திருகியவரும் மதர்தான். அவர் பள்ளியில் படித்துத்தான் நான் கல்லூரி வரை போனேன்.

போன மே மாதம் ஒரு வெயில் மதியம் மதர் என் வீட்டுக்கு வந்தார். முதுகு நன்றாக வளைந்திருந்தது. கூடவே ஓர் இளம் டீச்சர். மலைப்பெண், அதே விடுதியில் வளர்ந்தவள், ஒருவேளை அம்மா தைத்த சட்டையைப் போட்டவளாகவும் இருக்கலாம். கோடை விடுமுறையில், மதரின் பள்ளி மாதிரி அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள் வீடுவீடாகப் பிள்ளை கேட்டு அலைவது இப்போது ஊருக்கே பழகிவிட்டது. கேட் சத்தம் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் மகளைக் கள்ளக்குறிச்சியில் இங்கிலீஷ் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்த்தாகிவிட்டது, வேனுக்கும் சொல்லியாகிவிட்டது. போன் கேட்டாலே முதுகில் ஒன்று வைக்கிற நான், என் போனை அவள் கையில் கொடுத்து உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

மதர் சுற்றி வளைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் கம்மி, இன்னும் ரெண்டு மூணு சேர்ந்தால்தான் இந்த டீச்சருக்கு அரசு சம்பளத்துக்கான ஒப்புதல் கிடைக்கும், இல்லாவிட்டால் அனுப்பத்தான் வேண்டும் என்றார். அவள் சம்பளத்தில்தான் மலையில் தம்பி தங்கச்சி படிக்கிறார்களாம். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மதர் என்னைப் பார்த்து, “உன் பொண்ணு எங்கம்மா?” என்று கேட்டார். உளுந்தூர்பேட்டையில் மாமியார் வீட்டில் இருக்கிறாள் என்றேன். சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து போன் பாட்டும் என் மகளின் சிரிப்பும் கேட்டன. டீச்சர் சட்டென்று என்னைப் பார்த்தாள். மதர் நான் கொடுத்த டீயை நிதானமாகக் குடித்து முடித்து, “வந்தா நான் கேட்டேன்னு சொல்லும்மா” என்று எழுந்தார். அடுத்த தெருவுக்கு இருவரும் வெயிலில் நடந்தார்கள். கூப்பிட்டு உண்மையையாவது சொல்லியிருக்கலாம். அன்று இரவு, மகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று நினைத்தது தப்பா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அது தப்பில்லை. அவர் முன்னால் அவளை ஒளித்துவைத்தேனே, அதுதான் தப்பு.

ஒப்புதல் வரவில்லை என்று ஜூலையில் கேள்விப்பட்டேன். ஆகஸ்டில் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பழைய மிஸ் நின்றுவிட்டார், புது மிஸ் வந்திருக்கிறார் என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மேசைக்குப் பின்னால் அதே மலைப்பெண். கழுத்தில் அந்தப் பள்ளியின் அடையாள அட்டை. ஒப்புதல் வந்திருந்தால் கிடைத்திருக்கும் அரசு சம்பளத்தில் பாதிகூட இங்கே இருக்காது. அவள் எழுந்து நின்று, மகள் நன்றாகப் படிக்கிறாள், கையெழுத்துதான் கொஞ்சம் கோணல் என்று எல்லாருக்கும் சொல்வதுபோலவே இங்கிலீஷில் சொன்னாள். கிளம்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். அந்தப் பள்ளியில் தமிழில் பேசக்கூடாதாம்.

“ஞாயித்துக்கெழம மதரைப் பாத்தேன்க்கா. பாப்பா எங்கிட்டதான் படிக்குதுன்னு சொன்னேன். ரொம்ப சந்தோசப்பட்டாங்க. ‘நம்ம வூட்டுப் புள்ள, நல்லா பாத்துக்கோ’ன்னாங்க.”