லத்தீன் கொடுத்த இரண்டு வருஷம்

பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் மூன்று முதலாளிகளுக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தவர் செகரெட்டரியம்மா. சுருக்கெழுத்தில் புலி. அவர்கள் சொல்லச் சொல்ல, கை தன்பாட்டுக்குக் கோடும் கொக்கியும் போடும். மனசு வீட்டில் ஊறவைத்த துணியிடம் இருக்கும். அடித்து முடித்த கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். பிழை மட்டும் இருக்காது.

அறுபது நெருங்கியதும் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்டு மூன்று மனு போட்டார். காரணம், வீட்டில் ஓய்வு பெற்ற கணவர். "இன்னும் ஒரு விசில் வரணுமே" என்று குக்கருக்கே புத்தி சொல்லும் மனிதர். பொழுதன்னைக்கும் அவரோடு என்று நினைத்தாலே அம்மா அடுத்த மனுவை அடிக்க உட்கார்ந்துவிடுவார். 'அதான் கம்ப்யூட்டர் இருக்கே' என்று மூன்று மனுவும் திரும்பி வந்தன.

பிரிவு உபசாரத்தில் பேச வந்தவர் புதிய மேனேஜர். அம்மாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில்தான் அகராதியைப் புரட்டியிருந்தார்.

"செகரெட்டரிங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? லத்தீன்ல செக்ரேத்தும்னா ரகசியம். அதைக் காப்பாத்துறவர்தான் செகரெட்டரி. அப்போ, நம்ம அம்மாகிட்ட எத்தனை ரகசியம் இருக்கும்!"

கைதட்டலுக்காக நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அந்த ஹாலில் காலி மடியே கிடையாது போலிருக்கிறது. முதலாளி கையில் கேக் அப்படியே நின்றது. விற்பனை மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவை ஒருநாளும் உட்காரச் சொல்லாத கொள்முதல் அதிகாரி ஓடிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டார்.

சாயங்காலம் முதலாளி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மா... அந்தப் பழைய டெண்டர் விஷயம்... ஞாபகம் இருக்கா?"

எந்த டெண்டர்? சத்தியமாக அம்மாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தவர், வீட்டை நினைத்து மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் என்னோடயே போயிடும் சார்."

"எங்கேம்மா போறீங்க? இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருங்க!"

கையெழுத்தான உத்தரவோடு படியிறங்கும்போது அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதிப் படியில் நின்றுபோனது. முப்பத்தொரு வருஷம் பிழையில்லாமல் அடித்ததைச் சல்லிக்காசுக்கு மதிக்காதவர், அம்மாவுக்குத் தெரியவே தெரியாத ஒன்றுக்குப் பயந்து வேலை கொடுத்திருக்கிறார். வயிறு எரிந்தது. எரியட்டும் என்று உத்தரவை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.