வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கோப்பி குடித்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இதுபோன்ற மலர்களில் மறைந்தவரின் நற்குணங்களை வரிசையாக எழுதி, இறைவனடி சேர்ந்தார் என்று முடிப்பது வழக்கம். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். அக்காவை நன்றாகத் தெரிந்தவர்கள் நீங்கள். நான் பூசி மெழுகினால் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். எழுதுவது அவருடைய ஒரே தம்பி. எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா டெங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். அக்கா பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா படுத்த படுக்கையானார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பையன் படிக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா போன பிறகு அக்கா கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே ஷிப்டு வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் படித்து மேசை வேலைக்குப் போனவன் நான்.

தோட்டத்தை விற்றபோது அங்கிருந்த குடும்பங்களுக்கு ஒரு பெரிய ஈயக்குட்டையின் ஓரமாக மலிவு விலை அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். ஈயம் எடுத்து முடித்தவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போன குட்டை அது. மழைக்காலத்தில் கரை சரியும், பியாவாக் உடும்பு ஏறி மாடிப்படி வரைக்கும் வரும். கொஞ்ச வருடம் கழித்து எதிர்க்கரையை ஒரு மேம்பாட்டு நிறுவனம் வாங்கியது. புல் போட்டார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், அன்னப் படகு விட்டார்கள். அன்றிலிருந்து குட்டைக்கு ஏரி என்று பெயர். கோலாலம்பூரிலிருந்து ஜனங்கள் காரில் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த எதிர்க்கரையில் ஒரு வரிசை வீட்டை வாங்கிக் குடியேறினேன். அக்கா இந்தப் பக்கத்து அடுக்குமாடியின் நான்காவது மாடியில், அத்தான் காலமான பின் மகள் கவிதாவோடு இருந்தார். நடுவில் தண்ணீர், சுற்றிலும் பாதை. அக்கா வீட்டு விளக்கு எரிவது என் வாசலில் நின்றால் தெரியும்.

அக்காவுக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. தினமும் நடங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சொன்னதை அப்படியே செய்கிற ஆள் அவர். மறுநாளே சப்பாத்து வாங்கினார். தனியாகப் போக மனமில்லாமல் நாலு கதவைத் தட்டினார். சரோஜா அக்கா, எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடும் இரண்டாம் மாடி மலாய்க்கார அம்மா, பக்கத்து புளோக்கிலிருந்து இரண்டு பேர், மொத்தம் ஐந்து பெண்கள். ஏரியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்ற அவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். தூண்டில் போடுகிறவர்களிடம் என்ன மாட்டியது என்று விசாரிப்பார்கள். பாட்டுப் போட்டு செனாமரோபிக் உடற்பயிற்சி ஆடுகிற கூட்டத்தோடு ஓரமாக நின்று கையைக் காலை ஆட்டுவார்கள். பாதி வழியில் என் வீடு வரும். ஐந்து பேருக்கும் கோப்பி-ஓ கொசோங் தயாராக இருக்க வேண்டும். சீனி இல்லாத கறுப்புக் கோப்பியை அவ்வளவு ரசித்துக் குடிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. தன் வாழ்நாளில் தனக்காகத் தான் செய்துகொண்ட ஒரே காரியம் இந்த நடைதான் என்று அக்கா ஒருமுறை சொன்னார்.

பிறகு வேலி வந்தது.

எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தான். குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் மேல் கூட்டம். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு நடந்துகொண்டிருந்தபோது சங்கத் தலைவர் ஒரு மனுவோடு என் வீட்டுக்கு வந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "செக்யூரிட்டிக்குத்தான் பாஸ், எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி லா," என்றார். கையில் அதிரசத் தட்டு. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. முதல் வரியைப் படித்தேன். ஏரிப் பாதையை எங்கள் எல்லையின் இரு முனையிலும் அடைத்து, குடியிருப்போர் அட்டை காட்டினால் மட்டும் திறக்கும் கதவு வைக்க வேண்டும் என்று மலாயில் தெளிவாகப் போட்டிருந்தது. அக்காவுக்கு என் அட்டையைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

மூன்று மாதத்தில் பச்சைக் கம்பி வேலி எழும்பிவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"எனக்கு மட்டும் தொறந்துச்சுன்னா, கூட நடக்கிறவங்க எங்க போவாங்க? வேலிகிட்ட நின்னு எனக்கு டாட்டா காட்டுவாங்களா?" என்றார்.

அன்றிலிருந்து ஐவரும் வேலி வரைக்கும் வந்து திரும்பிப் போனார்கள். தூரம் ஒன்றுதானே, இப்படி நடந்தால் என்ன அப்படி நடந்தால் என்ன என்று உங்களில் சிலரே அக்காவிடம் கேட்டீர்கள். "போன வழியிலேயே திரும்பி வர்றதுக்குப் பேரு நடையா? வீட்டுக்குள்ளயே நடந்துட்டுப் போவலாமே," என்பார். என் வீட்டிலிருந்து இருபது எட்டு வைத்தால் வேலி. காலையில் தொலைபேசி அடிக்கும். "தம்பி, வேலிகிட்ட நிக்கிறேன், வா." நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போவேன். கம்பி இடைவெளியில் குவளை நுழையாது. சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிச் சாய்த்துச் சாய்த்து நீட்டுவேன். பாதி என் கையிலேயே கொட்டும். நாலு வருடம், மழை நாள் தவிர, எங்கள் குடும்பத்தின் அக்கா தம்பி பாசம் இப்படித்தான் கம்பி வழியாகப் போய் வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மலரே பொய். என் சட்டைப் பையில் அட்டை இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டால் ஐந்து பேரும் உள்ளே வந்து, மறுமுனைக் கதவு வழியாக வெளியேறி முழுச் சுற்றையும் முடித்திருப்பார்கள். ஒரு நிமிட வேலை. சங்கத்தில் கேள்வி கேட்பார்கள், அக்கம்பக்கத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று பயந்தேன். அறுபது வயது ஆம்பளை, ஒரு கதவுக்குப் பயந்தேன்.

அக்கா நகராண்மைக் கழக அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தார். கையால் எழுதிய கடிதத்தை வாங்க மாட்டோம் என்றார்கள். உடனே என்னிடம் வந்தார். "நீ கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடு தம்பி, ஒனக்குத்தான் மலாய் எழுத நல்லா வரும்." நான் அடித்துக் கொடுத்தேன். வேலி கேட்டுக் கையெழுத்துப் போட்டவன், வேலியை எடு என்று கடிதம் அடித்தேன். ஒன்றல்ல, ஏழு கடிதம். ஒரு முகப்பில் கொடுத்தால் வேறு முகப்புக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் அதிகாரி கூட்டத்தில் இருப்பார். நிலம் எங்களுடையது இல்லை, மேம்பாட்டு நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார்கள். நிறுவனத்தைக் கேட்டால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டோம் என்பார்கள். ஏரி யாருடையது என்பதுகூட இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் கத்துவேன். அக்கா கத்தியதே இல்லை. கடிதக் கோப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் போவார்.

இதற்கிடையில் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. வேலியால்தான் அக்கா போனார் என்று நான் சொல்லமாட்டேன். அது பல வருட நோய். ஆனால் முழுச் சுற்று நடக்க முடிந்த கால் இருந்தபோது பாதை இல்லாமல் போயிற்று. பாதைக்காகக் கால் காத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் கடைசி வாரம். கவிதா கீழே சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று, "எட்டாவது கடுதாசி அடிச்சிட்டேன்க்கா, இந்தத் தடவை விடப் போறதில்ல," என்றேன்.

"மனுவுல ஒன் பேரு பதினாறாவது," என்றார் கண்ணைத் திறக்காமல்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டாவது கடுதாசி குடுத்தப்பவே. கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் பொண்ணு, 'ஆன்டி, அங்க இருக்கிறவங்கதான் வேலி கேட்டாங்க'ன்னு லிஸ்டைக் காட்டுச்சு. ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒன் ரிப்போர்ட் கார்டுல அப்பா கையெழுத்தையே நீதானே போடுவ."

"தெரிஞ்சும் ஏன்க்கா என்கிட்டயே அடிக்கச் சொன்ன?"

"சொல்லியிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு கோப்பி கொண்டு வர்றதையும் நிப்பாட்டியிருப்ப. நீயா சொல்லுவன்னு பாத்தேன்." பிறகு என் கையைத் தட்டினார். "கடுதாசி போதும் தம்பி. கதவத் தொறந்து பிடி."

நாலு நாளில் அக்கா போய்விட்டார். கிள்ளானில் கடலில் அஸ்தி கரைத்துவிட்டு வந்த மறுநாள், என் கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று சங்கத்துக்குப் போனேன். அதற்கு விண்ணப்பப் பாரம் இல்லையாம். சேர்வதற்குப் பாரம் உண்டு, விலகுவதற்குப் பாரம் இல்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தேன். அது எதற்கும் உதவவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்து, முதுகால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரோஜா அக்காவும் மற்ற மூவரும் வேலி வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துத் தயங்கினார்கள். "வாங்க," என்றேன். மக்சிக் முதலில் நுழைந்தார். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் நிற்கிறேன். இப்போது அடுக்குமாடியிலிருந்து முப்பது நாற்பது பேர் வருகிறார்கள். சங்கத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு என் அட்டையை முடக்கப் போகிறார்களாம். முடக்கினால் உள்ளிருந்து திறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கத் தெரியும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைச் சுத்திகரிப்புக்கு ஏற்றி இறக்கிய மாப்பிள்ளைக்கும், இரவு பகலாகக் கூட இருந்த அவர் மனைவி கவிதாவுக்கும், தாதியருக்கும், கடைசிவரை அக்காவின் வேகத்துக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்ட நான்கு பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காலையில் கதவருகே நான் நிற்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும் நேப்பாளப் பாதுகாவலருக்குத் தனி நன்றி. நன்றி சொல்ல முடியாதவர்களின் பட்டியலும் உண்டு. அதில் என் பெயர் பதினாறாவது.

நினைவு நாளன்று பூசையும் சாப்பாடும் மண்டபத்தில் பதினொரு மணிக்கு. அதற்கு முன் ஏழு மணிக்கெல்லாம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அடுக்குமாடிப் பக்கத்து ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். அக்காவுக்காக எல்லாரும் ஒரு முழுச் சுற்று நடக்க வேண்டும். கடைசி ஆள் போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். கோப்பி வைத்திருப்பேன். சீனி இருக்காது.