சிரிப்புச் சங்கு

திருவள்ளூரில் கல்லூரிக்குப் போகும் என் மகளை ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்: சர்வாதிகார அரசுகளைப் பற்றிய கற்பனைக் கதைகளில் முரண்நகையும் குறியீடும். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"நீதான் தமிழ் பி.ஏ. ஆச்சே. முரண்நகைன்னா இன்னாப்பா?"

வாயைத் திறந்தேன். எங்கிருந்தோ மல்லிகை வாசனைதான் வந்தது, ரூம் ஸ்பிரே மல்லிகை. நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வாசனை எங்கள் பழைய மேனேஜர் அறையுடையது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை அது. எனக்கு டைம் ஆபீஸில் வேலை. யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துவைக்கத் தமிழ் இலக்கியம் எதற்கு என்று கேட்காதீர்கள். வருடம் ஒருமுறை ஆலையின் ஆண்டு மலருக்குக் கதை, கவிதை சேகரிப்பதும் என் பொறுப்பு. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. சட்டைப் பையில் சிவப்புப் பேனா செருகிக்கொண்டு ஆசிரியர் மாதிரி திரிந்தேன்.

அப்படி ஒருநாள் தேவராஜண்ணன் நாலு தாளை நீட்டினார். கிரேன் ஆபரேட்டர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசிக்கிறவர். மற்ற நாட்களில் ஷெட்டின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் மேலிருந்து பார்ப்பவர்.

"படிச்சிப் பாரு தம்பி. கேவலமாகீதுன்னா கீச்சிப் போட்டுடு."

கதை இதுதான். ஒரு நாடு. மக்களுக்குச் சிரமம் கூடாதென்று அதிபரே எல்லாவற்றுக்கும் சங்கு ஊதுகிறார். ஒரு சங்குக்குச் சாப்பிட வேண்டும், இரண்டுக்கு அழ வேண்டும், மூன்றுக்குச் சிரிக்க வேண்டும். அடுத்த சங்கு வரும்வரை நிறுத்தக் கூடாது. யாரையும் நம்பாததால் சங்கறைச் சாவியை அவரே இடுப்பில் வைத்திருக்கிறார். ஒரு காலையில் மூன்று சங்கு ஊதிவிட்டு நாற்காலியிலேயே செத்துப் போகிறார். அடுத்ததை ஊத ஆளில்லை. மொத்த நாடும் விழுந்து விழுந்து சிரித்தபடி அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது.

எங்கள் ஆலையிலும் ஷிப்டுக்குச் சங்குதான். அந்த மாதம்தான் உலைப் பக்கம் ஒருவர் மயங்கி விழுந்தும், சங்கு ஊதும்வரை லைனை நிறுத்தவில்லை. எனக்குக் கதை புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் ஒரு சந்திப்பிழையை மட்டும் திருத்தி அனுப்பினேன். மேனேஜர் முதல் பக்கத்தைப் பார்த்தார். "டிசிப்ளின் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்கார்!" என்றார். மலர் வெளியீட்டு விழாவில் தேவராஜண்ணனுக்குச் சால்வை போட்டார்கள். மேடைக்குக் கீழே நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேன்டீனில் யாரோ கதையைச் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். மறுநாள் மதியச் சங்குக்கு ஒரே ஒருவர் சிரித்தார். அடுத்த நாள் பத்துப் பேர். அந்த வாரக் கடைசியில் சங்கு ஓய்ந்ததும் ஷெட் முழுக்கச் சிரித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. சூப்பர்வைசர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்ததற்கு என்னவென்று மெமோ கொடுப்பது?

திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் மலர் விரித்திருந்தது. மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை.

"இந்தக் கதைக்கு என்ன அர்த்தம்?"

"சும்மா ஒரு ராஜா கதை சார்."

"அப்ப ஏன் சிரிக்கிறாங்க?"

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மல்லிகை ஸ்பிரே வாசனை. கதையைத் தேர்ந்தெடுத்தவன் நான். என் வேலையும் அந்த மேஜைமேல்தான் கிடந்தது. உதட்டைப் பிதுக்கினேன். அவர் மலரை மூடிவிட்டுச் சொன்னார்: "பி.ஏ. தமிழ்னாங்க. உங்களுக்கும் புரியலையா? பரவால்ல, போங்க."

போயிருக்கலாம். கதவு நாலடி தூரத்தில்தான் இருந்தது. பயத்தில் சொன்னேன் என்று வெகுகாலம் என்னையே நம்பவைத்தேன். பயமில்லை. 'புரியலையா' என்று கேட்டாரே, அது சுட்டுவிட்டது. "இல்ல சார், சங்கு இங்க ஒரு குறியீடு" என்று ஆரம்பித்தேன். வேலைக்கும் சங்கு, சாவுக்கும் சங்கு. சாவி எதைக் குறிக்கிறது, இழவில் சிரிப்பது எப்படி முரண்நகை ஆகிறது, எல்லாவற்றையும் வகுப்பெடுப்பதுபோல் விளக்கினேன். பக்கத்தில் ஒருவர் குறிப்பெடுப்பதைப் பார்த்தபோது எல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

மூன்றாம் நாள் மெமோ கொடுத்துத் தேவராஜண்ணனைக் கிரேனிலிருந்து இறக்கினார்கள். அந்த மாதத்திலேயே வேலையும் போனது. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதி மலர்களைச் சேகரித்து உலையில் போடச் சொன்னார்கள். சேகரித்துக் கொடுத்தவனும் நான்தான்.

ஒருநாள் மதியம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவரிடம் மாட்டிக்கொண்டேன். நேராக என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"மெமோவ படிச்சேன். சங்கு, சாவி... சொன்னது நீதான?"

தலையாட்டினேன்.

"நான்கூட இவ்ளோ யோசிக்கல தம்பி. என் கதைய ஒழுங்கா படிச்சவன் நீ ஒருத்தன்தான்." சிரிக்காமல்தான் சொன்னார். ரயில் வந்தது. வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

இப்போது அந்த ஆலையில் சங்கு இல்லை. ஆண்டு மலரும் இல்லை. தேவராஜண்ணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து ஓய்ந்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அந்த மலர் ஒரு பிரதி இருக்குமா என்று கேட்டேன்.

"அது எங்க கீது? மெமோதான் பத்திரமா வச்சிக்கினுகீறேன். அதுலதான என் கதை கீது" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார்.

வாங்கிப் படித்தேன். நான் சொன்னது ஒரு சொல் விடாமல் டைப் அடித்திருந்தது. அர்த்தமெல்லாம் இருந்தது. கதையிலிருந்து ஒரு வரிகூட இல்லை. அவரிடம் அதைச் சொல்லாமல் மடித்துக் கவருக்குள் வைத்துக் கொடுத்தேன்.