கடலிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்

எங்கள் ஊரில் வழி சொல்ல மலைதான் அளவு. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டை விசாரித்து வருகிறவரிடம், "மலைய முதுகுக்கு வச்சிக்கினு நேரா போங்க" என்பார்கள். மலை நகராது. வழியும் தப்பாது.

அப்பாவைப் புதைத்த இடத்தை அம்மாவும் அப்படித்தான் மனசில் வைத்திருந்தாள். "கடல முதுகுக்கு வச்சி நின்னா ஒரு கூப்பிடு தூரத்துல கெணறு. அதுக்கு அந்தாண்ட கூரை போன வெள்ளக்காரன் பங்களா. ரெண்டுக்கும் நடுவுல, சவுக்கு ஓரமா உங்கப்பா." சின்ன வயசில் நான் கேட்ட ஒரே கதை இதுதான்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பாவும் அம்மாவும் சவுக்கு வெட்டுவதற்காக லாரியில் ஆட்களோடு ஆட்களாக மரக்காணத்துப் பக்கம் போயிருக்கிறார்கள். மரம் சாய்ந்த பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். உடம்பை ஊருக்குக் கொண்டுவர வண்டி அமையவில்லை. மேஸ்திரி அங்கேயே அடக்கம் செய்யச் சொல்லிவிட்டார். மறுநாள் மிச்ச மரங்களையும் வெட்டினார்கள். அம்மாவும் கிளை கழித்தாள். நான் அங்கேதான் ஒரு மர நிழலில் கிடந்திருக்கிறேன்.

இப்போது அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாராவாரம் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்து வருகிறோம். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது ஒன்றுதான். அப்பா குழியிலிருந்து ஒரு பிடிமண். குலசாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் பழைய கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய் வைப்பார்கள் இல்லையா, அதுபோலத்தான். தன்னைப் புதைக்கும்போது தலைமாட்டில் அந்த மண்ணைப் போட வேண்டும்.

தை மாசத்தில் கூட்டிக்கொண்டு போனேன். செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் மாறி மாறி, நடுவில் இரண்டு முறை அவள் வாந்தி எடுத்து, ஒருவழியாகக் கடலோரத்துக் குப்பத்தில் இறங்கினோம். அம்மா நேராகத் தண்ணீர் வரைக்கும் போனாள். திரும்பி, கடலை முதுகுக்கு வைத்து நின்றாள். கூப்பிடு தூரத்தில் ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. தோப்பில் தூர்ந்துபோன கிணறு ஒன்றும் இருந்தது. பங்களாவைத்தான் காணோம்.

"இடிச்சிட்டிருப்பானுங்க" என்றாள். மண்டி போட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். அழவில்லை. வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினாள்.

நான் வேங்கிக்காலில், பழைய நில வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் தனியார் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தக் கிணறு படத்தில் இருக்குமா என்ற ஆசையில், வெள்ளைக்காரன் காலத்துக் கடற்கரை வரைபடம் ஒன்றை இணையத்தில் தேடி எடுத்தேன். பங்களா இருந்தது. பக்கத்தில் கிணற்றுக்கான சின்ன வட்டம் இருந்தது. அம்மா சொன்ன மாதிரியே, கிணற்றுக்கு மேற்கே பங்களா. அந்தப் படத்தை இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் வைத்து, பழைய ஏரிக்கரையையும் கோயிலையும் பொருத்தினேன். ஏரி ஏரியின் மேல் உட்கார்ந்தது. கோயில் கோயிலின் மேல் உட்கார்ந்தது. கிணறும் பங்களாவும் நீலத்தின் மேல் உட்கார்ந்தன.

மறுபடி மறுபடி பொருத்திப் பார்த்தேன். நீலம்தான். எங்கள் மலை மாதிரி கடலும் நின்ற இடத்தில் நிற்கும் என்று அம்மா நம்பியிருந்தாள். நானும்தான் நம்பியிருந்தேன்.

சொல்லாமல் விட்டிருந்தால் அந்த முடிச்சோடு நிம்மதியாகப் போயிருப்பாள். ஆனால் வேறு யாரோ தோண்டிய கிணற்றடி மண்ணை அவள் தலைமாட்டில் என் கையால் போட வேண்டும். அது என்னால் ஆகாது. சொன்னேன். அப்போது சித்தப்பாவும் வீட்டில் இருந்தார்.

"இன்னாடா இது, பொம்மைப் படத்தப் பாத்து எங்கண்ணன கடல்ல தள்ளிட்ட?" என்றார். "இதுக்குத்தான் உன்ன படிக்க வச்சோமா?"

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இது யாரு மண்ணுடா?"



அந்த மண்ணை எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்றாள். மறுபடி போனோம். இந்த முறை அவளால் மணலில் நடக்க முடியவில்லை. படகு நிழலில் உட்கார வைத்துவிட்டு, வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"பங்களாவா? அது தண்ணிக்குள்ள போயி எவ்ளோ காலம் ஆச்சு" என்றார். "தெக்கால அலைய தடுக்க கல்லு கொட்டுனாங்க. இங்க மண்ணு போச்சு. எங்க தெருவே ரெண்டு போயிடுச்சு. அந்தப் பக்கம் வல போட மாட்டோம், செவுத்துல மாட்டி கிழிஞ்சிடும்." அம்மாவைப் பார்த்துவிட்டு, "அங்க யாராவது வேண்டியவங்களாம்மா?" என்றார்.

"வீட்டுக்காரரு" என்றாள்.

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டிக் காட்டினார். அங்கே மற்ற இடம் மாதிரியே அலை எழுந்து விழுந்தது. அம்மா நெற்றிக்கு மேல் கையை வைத்து வெகு நேரம் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்து என்னிடம் கொடுத்து, தோப்பில் கொட்டிவிட்டு வரச் சொன்னாள். கொட்டிவிட்டு வந்தபோதும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பொதைக்காத. எரிச்சி, இங்க கொண்டாந்து கரச்சிடு."

எங்கள் வகையறாவில் யாரையும் எரித்ததில்லை. சித்தப்பா இதைக் கேள்விப்பட்டதும், "நம்ம சனத்துல உண்டா அது? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்றார். பங்காளிகளும் அதையேதான் சொல்கிறார்கள். அன்றைக்குக் கொள்ளிச்சட்டியோடு அவர்கள் நடுவில் நிற்கப்போவது நான்தான்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய கையை அசைக்காமல், இன்னொரு கையால் என் போனைத் தொட்டுக் கேட்கிறாள்: "அந்தப் படத்தக் காட்டு." காட்டுகிறேன். நீலத்துக்குள் நான் வைத்த புள்ளியை விரலால் தேடுகிறாள். பக்கத்துப் படுக்கைக்காரம்மா எட்டிப்பார்த்து, "அது எந்த ஊரு அக்கா?" என்று கேட்கிறாள்.

"நான் போற ஊரு" என்கிறாள் அம்மா.