சபா கேன்டீனில் ஒரு சிபாரிசு

நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், ஒரு வருடம் தன்னார்வ நர்ஸாக வேலை. எல்லாம் கூடிவந்துவிட்டது, ஒன்றைத் தவிர. என் வேலையை நேரில் பார்த்த ஒருவர், நர்ஸுகளை அங்கே அனுப்பும் அமைப்பிடம் போனில் என்னைப் பற்றிப் பேச வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

'ஒருவர்' என்றதும் என் புத்திக்கு டாக்டர்தான் தெரிந்தது. நர்ஸுக்கு நர்ஸ் சாட்சி சொன்னால் யார் மதிப்பார்கள்? அடையாறில் ட்யூட்டி முடித்து, பஸ் பிடித்து, ஒவ்வொரு டாக்டர் வீடாக அலைந்தேன். கோபாலபுரத்தில் ஒருவர் காபி கொடுத்து, தி. நகரில் இன்னொருவரைப் பார்க்கச் சொன்னார். தி. நகர்க்காரர் என் விஷயத்தை விட்டுவிட்டு, அங்கே தன் மருமகனுக்கு வேலை கிடைக்குமா என்று விசாரித்தார். "சம்பளமே கிடையாது சார்" என்றதும் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கால் வலித்தது. சிரித்துச் சிரித்துத் தாடை அதைவிட வலித்தது.

கடைசியில், நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். மார்கழியில் அவரைப் பிடிக்க மயிலாப்பூர் சபா கேன்டீனுக்குத்தான் போக வேண்டும். கச்சேரியைத் தவறவிட்டாலும் அடையைத் தவறவிட மாட்டார்.

"வாங்கோ சிஸ்டர்! எத்தனையோ வருஷம் நம்மகிட்ட இருந்தவா" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். "போன் வரட்டும், நான் பேசறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சமைக்காமலே படுத்துத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அமைப்பிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். டாக்டர் ரொம்பப் புகழ்ந்தாராம். வெள்ளத்தின்போது ஜெனரேட்டர் நின்று, லிஃப்ட் ஓடாமல், படிக்கட்டிலேயே பிரசவம் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியது நான்தானாம்.

நான் அன்று தண்ணீரில் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. பிரசவம் பார்த்தவள் என் தோழி, கொட்டிவாக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். டாக்டருக்கு நாங்கள் எல்லோருமே சிஸ்டர். யூனிஃபார்மும் ஒன்று, கொண்டையும் ஒன்று. ஆத்திரமாக வந்தது. 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் டிக்கெட் கையில். அத்தனை அலைச்சலுக்குப் பிறகு அது பெரிய பாவமாகவும் தோன்றவில்லை. ஆனால் அவள் பட்ட பாட்டை என் பேரில் எழுதிக்கொள்ள மனசு வரவில்லை. அது நான் இல்லை என்றேன்.

அந்தப் பெண்மணி, அந்த நர்ஸ் உங்கள் வேலையைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டார். ஒரே வார்டு என்றேன். அப்படியானால் அவரே பேசலாமே என்றார். டாக்டர்தான் பேச வேண்டும் என்று அவர்கள் சொல்லவே இல்லையாம்.

தோழிக்குப் போன் போட்டு, எனக்காகப் பேச முடியுமா என்று கேட்டேன். அவள் எப்போதோ வேலையை விட்டு வீட்டோடு இருப்பவள். டாக்டர் அந்த வெள்ளத்துப் பிரசவத்தைச் சொன்னார், அதில்தான் உன் பேச்சு வந்தது என்று மட்டும் சொன்னேன்.

"பேசுறேன்டி, அதுக்கு இன்னா" என்றாள். சொன்னபடியே பேசினாள், எனக்கு இடமும் கிடைத்தது.

ஆனால் அன்று போனை வைக்கும் முன் அவள் குரல் மாறியது. "ஏன்டி, அந்த டாக்டரு இன்னும் என்னை ஞாபகம் வெச்சிக்கினு கீறாரா?"

"வெச்சிருக்காரு" என்றேன்.